கன்சல்டிங் கம்பெனிக்கு மாறலாமா? வாசகி கேள்விக்கு ஒரு பதில்

கேள்வி: ஒரு உற்பத்தி நிறுவனத்தின் சப்ளை செயின் திட்டமிடல் பிரிவில் ஆறு வருடமாக இருக்கிறேன். வேலை பிடித்திருக்கிறது. ஆனால் கடந்த இரண்டு வருடமாகப் புதிதாக எதுவும் கற்றுக்கொள்ளவில்லை என்ற உறுத்தல். இப்போது ஒரு பெரிய கன்சல்டிங் நிறுவனத்தில் சீனியர் கன்சல்டன்ட் வேலைக்கு ஆஃபர் வந்திருக்கிறது. சம்பளம் நன்றாகவே கூடும். அங்கே வேலை பார்த்த தோழி, "ஒரே வருஷத்துல உடம்பு கெட்டுப்போச்சு, வந்துடாதே" என்கிறாள். அதே நிறுவனத்தில் இருந்த இன்னொரு நண்பர், "என் கேரியரே அங்கதான் உருவாச்சு" என்கிறார். எனக்கு ஏழு வயதில் ஒரு மகன். அங்கே போனால் உண்மையில் என்ன வேலை செய்வேன், ஸ்லைடு போடுவது மட்டும்தானா? பிடிக்காவிட்டால் திரும்பி வர வழி உண்டா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் தோழி சொல்வதும் உண்மை, நண்பர் சொல்வதும் உண்மை. ஒரே நிறுவனத்தில் ஒரே சமயத்தில் சேர்ந்த இரண்டு பேர் இப்படி நேர்மாறாகப் பேசுவது இந்தத் துறையில் சாதாரணம். கன்சல்டிங்கில் நீங்கள் சேருவது ஒரு நிறுவனத்தில்தான் என்றாலும், தினமும் வாழ்வது ஒரு ப்ராஜெக்டுக்குள், ஒரு மேனேஜரின் கீழ், ஒரு கிளையன்ட்டின் அவசரத்தோடு. அந்த மூன்றும் மாறினால் வாழ்க்கையே மாறிவிடும். நான் இந்தத் துறையில் கன்சல்டன்டாகவும் ப்ராஜெக்ட் மேனேஜராகவும் பல வருடம் இருந்தவன். இப்போது ஆள் எடுக்கும் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் இந்தத் தொழில் எப்படிக் காசு பார்க்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் இப்போதைய நிறுவனம் பொருள் தயாரித்து விற்கிறது. கன்சல்டிங் நிறுவனம் உங்கள் நேரத்தை விற்கிறது. வேகமாகக் கற்றுக்கொள்வது, நல்ல சம்பளம், பெரிய ஆட்களோடு ஒரே மேசையில் உட்காருவது, தூக்கம் கெடுவது, குடும்ப நேரம் போவது என்று நன்மை, தீமையாகச் சொல்லப்படும் எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் கிளைக்கின்றன. கிளையன்ட் உங்கள் ஒவ்வொரு நாளுக்கும் கனமாகப் பணம் கொடுக்கிறார். அதனால் எளிதான வேலையை உங்களிடம் தரமாட்டார். அது கற்றுக்கொள்ள நல்லது. அதே காரணத்தால் உங்களைச் சும்மா இருக்கவும் விடமாட்டார்.

இதை அளக்க அங்கே ஒரு எண் வைத்திருப்பார்கள்: யூட்டிலைசேஷன். உங்கள் மொத்த வேலை நேரத்தில் எத்தனை சதவீதம் கிளையன்ட்டுக்கு பில் ஆகிறது என்பதுதான் அது. ஆஃபர் பேசும்போது "எங்கள் டார்கெட் 80 சதவீதம்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவார்கள். கேட்பதற்கு மீதி 20 சதவீதம் தாராளமாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் 40 மணி நேரம் என்றால் 52 வாரத்துக்கு 2,080 மணி. விடுப்பும் பொது விடுமுறையும் சேர்ந்து ஆறு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 240 மணி போக மீதி 1,840. இப்போது அந்த 80 சதவீதம் எதில்? 2,080-இல் என்றால் நீங்கள் 1,664 மணி பில் செய்தாக வேண்டும். மிஞ்சுவது 176 மணி, அதாவது நாலரை வாரம்கூட இல்லை. பயிற்சி, புது வேலை பிடிக்க எழுதும் ப்ரொபோசல்கள், உள்கூட்டங்கள், ஒரு ப்ராஜெக்ட் முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை பெஞ்சில் உட்காரும் நாட்கள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அடங்காது. அடங்காதது இரவுக்கும் சனிக்கிழமைக்கும் போகும். 80 சதவீதம் 1,840-இல் என்றால் 1,472 மணி போதும். மிச்சம் 368 மணி, ஒன்பது வாரத்துக்கும் மேல். டார்கெட் ஒரே எண்தான், வருடம் முழுக்க வித்தியாசம். அதனால் எச்.ஆரிடம் "எத்தனை சதவீதம்" என்று மட்டும் கேட்காதீர்கள். "விடுப்பைக் கழித்துவிட்டா, கழிக்காமலா" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு நேராகப் பதில் வருகிறதா என்பதே உங்களுக்கு நிறையச் சொல்லும்.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம், டைம்ஷீட். வாரக் கடைசியில் எந்த ப்ராஜெக்டுக்கு எத்தனை மணி உழைத்தீர்கள் என்று நிரப்ப வேண்டும். ஒப்பந்தம் நேரக் கணக்கில் இருந்தால் நீங்கள் எழுதுவது அப்படியே பில்லாகப் போகும். மொத்தமாக ஒரு தொகை பேசியிருந்தால் நீங்கள் கூடுதலாக எழுதும் ஒவ்வொரு மணியும் ப்ராஜெக்டின் லாபத்தைக் கடிக்கும். அப்போது சில மேனேஜர்கள், வாயைத் திறந்து சொல்லாவிட்டாலும், 60 மணி உழைத்தவர் 40 எழுதினால் சந்தோஷப்படுவார்கள். புதிதாக வந்தவர்களும் நல்ல பெயர் எடுக்க ஆசைப்பட்டு அப்படியே எழுதுவார்கள். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். 40 என்று எழுதினால் அடுத்த ப்ரொபோசலில் அதே வேலைக்கு 40 மணிதான் போடுவார்கள். உங்களுக்குப் பின்னால் வருபவரும் அந்த இருபது மணியை இரவில்தான் தேட வேண்டியிருக்கும். உழைத்ததை உழைத்தபடி எழுதினால் முதல் மாதம் ஒரு சங்கடமான பேச்சு வரும், அவ்வளவுதான்.

சரி, என்ன வேலை செய்வீர்கள்? "கன்சல்டிங்" என்று ஒரே பெயரில் அழைத்தாலும் உள்ளே நாலு விதமான தொழில் இருக்கிறது. மெக்கின்சி, பிசிஜி, பெய்ன் போன்றவை மேல்மட்ட நிர்வாகத்துக்கு வியூகம் சொல்லும் வேலையில் பெயர் வாங்கியவை. மெக்கின்சி 1926-இலும் பிசிஜி 1963-இலும் பெய்ன் 1973-இலும் தொடங்கின. டெலாய்ட், பிடபிள்யூசி, ஈஒய், கேபிஎம்ஜி நான்கும் தணிக்கையை அடித்தளமாகக் கொண்டு வளர்ந்து, ஆலோசனையையும் பெரிய தொழிலாக நடத்துபவை. அக்சென்ச்சர் போன்றவை தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்து நிறுவுவதில் பெரியவை. அப்புறம் ஒரே துறையை மட்டும் ஆழமாகப் பார்க்கும் சிறு நிறுவனங்கள். இன்றைக்கு எல்லோரும் எல்லாவற்றையும் செய்கிறார்கள் என்பதால் நிறுவனத்தின் பெயரை வைத்து வேலையை ஊகிக்க முடியாது. உங்கள் ஆஃபரில் எந்தப் பிரிவு என்று எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள்.

வியூகப் பிரிவு என்றால் ப்ராஜெக்ட் சில வாரங்களில், சில மாதங்களில் முடியும். தரவு அலசல், நேர்காணல்கள், பரிந்துரை. எஸ்ஏபி (நிறுவனத்தின் கணக்கு, கையிருப்பு, ஆர்டர் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்தும் மென்பொருள்) மாதிரி ஒரு சிஸ்டத்தை நிறுவும் பிரிவு என்றால் ஒரே கிளையன்ட்டிடம் ஒரு வருடமோ அதற்கு மேலோ இருக்கலாம். அங்கே அன்றாட நேரம் ஓரளவு சீராக இருக்கும். ஆனால் பழைய சிஸ்டத்திலிருந்து புதியதுக்கு மாறும் கட்டத்தில் சனி, ஞாயிறு என்று எதுவும் கிடையாது. சப்ளை செயின் அனுபவம் இருப்பவர்களை இரண்டு பிரிவும் எடுக்கும். கட்டாயம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

தணிக்கை நிறுவனம் என்றால் இன்னொரு சங்கதி, பலரும் சேர்ந்த பிறகுதான் தெரிந்துகொள்வது. என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனத்தின் கணக்கு மோசடி வெளிவந்த பிறகு, 2002-இல் அமெரிக்காவில் வந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம், தணிக்கை செய்யும் நிறுவனமே அதே கிளையன்ட்டுக்குப் பலவகை ஆலோசனை வேலைகள் செய்வதைத் தடுத்தது. மற்ற நாடுகளிலும் இதுபோன்ற விதிகள் உண்டு. தணிக்கை செய்பவருக்கு கிளையன்ட்டோடு பண உறவு இருக்கக்கூடாது என்ற இதே எண்ணத்தால் உங்கள் ஊழியர் விதிமுறையில் பங்கு முதலீடு பற்றியும் ஒரு பகுதி இருக்கும். பதவியைப் பொறுத்து உங்கள் கணவரின் முதலீடுகளையும் தெரிவிக்க வேண்டியிருக்கும், சிலவற்றை விற்கவும் நேரலாம். சேருவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து அந்தப் பகுதியைப் படித்துவிடுங்கள்.

இப்போது நீங்கள் கொஞ்சம் கசப்போடு கேட்ட ஸ்லைடு கேள்வி. ஆமாம், ஸ்லைடு போடுவீர்கள், நிறையப் போடுவீர்கள். அதைக் குறைவாக எடைபோட வேண்டாம் என்பது என் கட்சி. நடப்பதைச் சொல்கிறேன். கையிருப்பைப் பற்றி ஒரு பக்கம் தயார் செய்து, தலைப்பில் "கையிருப்பு நிலவரம்" என்று எழுதி அனுப்புவீர்கள். மேனேஜர் அடித்துவிட்டு, "இதைப் படிக்கிறவர் என்ன செய்யணும்?" என்று ஒரு வரி எழுதித் திருப்புவார். "கையிருப்பு போன வருடத்தைவிடக் கூடியிருக்கிறது" என்று மாற்றுவீர்கள். "எதுல கூடியிருக்கு? ஏன்?" என்று மறுபடி திரும்பும். தரவுக்குள் இறங்கி, பொருள்வாரியாகப் பிரித்து, கடைசியில் "கூடிய கையிருப்பில் பெரும்பகுதி ஆறு மாதமாக நகராத உதிரி பாகங்கள், ஆர்டர் அளவைத் திருத்தினால் இது குறையும்" என்று எழுதுவீர்கள். அதோடு முடியாது. அந்தப் "பெரும்பகுதி" எந்த அறிக்கையிலிருந்து வந்தது, அது ஸ்டோர் கணக்கோடு ஒத்துப்போகிறதா, போகாவிட்டால் வித்தியாசம் எங்கே என்று கேட்பார். மூன்றாவது சுற்றில் உங்களுக்கு எரிச்சல் வரும். ஆனால் அந்த எரிச்சலுக்குள்தான் பயிற்சி இருக்கிறது.

முடிவை முதலில் சொல், அதைத் தாங்கும் காரணங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமலும் எதுவும் விடுபடாமலும் கீழே அடுக்கு என்ற இந்த முறை மெக்கின்சியில் வேலை பார்த்த பார்பரா மின்டோ என்ற பெண்மணியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. 1963-இல் அங்கே சேர்ந்த அவர், மற்றவர்களின் அறிக்கைகளைத் திருத்திக் கொடுக்கும் வேலையிலிருந்து இந்த ஒழுங்கை உருவாக்கினார். இன்று எந்த கன்சல்டிங் நிறுவனத்துக்குப் போனாலும் இதன் சாயல் இருக்கும். ஆறு வருடம் ஒரே துறையில் இருந்தவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கும். அதை அரை நிமிடத்தில் ஒரு நிதித் தலைவருக்குச் சொல்லத் தெரியாது. உங்கள் கடிதத்தில் நீங்கள் சொன்ன அந்த உறுத்தலுக்கு இது நல்ல மருந்து என்று உறுதியாக நினைக்கிறேன். பிறகு எந்த வேலைக்குப் போனாலும் இந்தப் பழக்கம் கூடவே வரும்.

இன்னொரு லாபம், பல நிறுவனங்களின் உள்ளறையைப் பார்ப்பது. உங்கள் நிறுவனத்தில் "இது இப்படித்தான் நடக்கும்" என்று எல்லோரும் நம்பும் ஒரு நடைமுறையை, நாலு இடத்தில் நாலு விதமாகச் செய்கிறார்கள் என்று பார்க்கும்போது உங்களுக்குள் ஒரு துணிச்சல் வரும். எது நிஜமான கட்டுப்பாடு, எது வெறும் பழக்கம் என்று பிரிக்கத் தெரிய வரும்.

இனி, என்னைக் கேட்டால் இந்தத் தொழிலின் பெரிய குறை எது என்று சொல்கிறேன். எல்லோரும் நேரத்தைச் சொல்வார்கள். நான் அதற்கு முன்னால் வேறொன்றை வைப்பேன்: செய்த வேலை பலித்ததா என்று தெரியாமலே கிளம்பிவிடுவது. இப்போது நீங்கள் ஒரு திட்டம் போட்டால், அடுத்த மாதமே சரக்கு தீர்ந்துபோய் உற்பத்திப் பிரிவிலிருந்து போன் வரும். தப்பு எங்கே என்று தெரியும், திருத்துவீர்கள். கன்சல்டன்ட் பரிந்துரையைக் கொடுத்துவிட்டு, கைகுலுக்கிவிட்டு, அடுத்த கிளையன்ட்டிடம் போய்விடுவார்.

ஒரு கிளையன்ட்டிடம் நாங்கள் வேறொரு வேலைக்காகப் போயிருந்தோம். எங்களுக்கு முன்பு வேறொரு குழு வந்து, மறு ஆர்டர் அளவுகளைக் கணக்கிடும் அழகான ஒரு மாடலை நிறுவிவிட்டுப் போயிருந்தது. சிஸ்டத்தில் எல்லாம் கச்சிதமாக இருந்தது. ஆனால் திட்டமிடல் பிரிவில் இருந்த ஒரு அம்மா, தன் கம்ப்யூட்டரில் தனியாக ஒரு எக்செல் கோப்பு வைத்து, மாடல் சொல்லும் அளவைப் பார்த்துவிட்டு, அதிலிருந்து தானாக வேறொரு அளவை எழுதிக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "சப்ளையர் முழுப் பெட்டியாத்தான் கொடுப்பார், உடைச்சுத் தரமாட்டார். அது இதுல இல்ல" என்றார். குறைந்தபட்ச ஆர்டர் அளவு என்ற ஒரு சாதாரண விஷயம் மாடலில் ஏறவில்லை. அந்தக் குழுவுக்கு இது தெரியவே தெரியாது. அவர்களுடைய கோப்பில் அது ஒரு வெற்றிகரமான ப்ராஜெக்ட். நல்ல மூளையும் நல்ல எண்ணமும் உள்ளவர்கள்தான் அவர்கள். திரும்பி வந்து பார்க்க யாரும் அவர்களுக்குப் பணம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

உங்களைப் போல செயல்பாட்டுத் தளத்திலிருந்து வருகிறவர்களின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது. கல்லூரியிலிருந்து நேராக வந்தவருக்குப் பெட்டி உடைக்கமாட்டார்கள் என்பது தோன்றாது. உங்களுக்குத் தோன்றும். முதல் வரைவு ஸ்லைடையும் அடிப்படை அலசலையும் இப்போது ஏஐ கருவிகளே போட்டுத் தருகின்றன. அதனால் இந்த அனுபவத்தின் விலை இனி கூடும் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் இதே காரணத்தால் உங்களுக்கு மனவருத்தமும் அதிகமாக வரும். அரைகுறையாக விட்டுவிட்டுப் போகிறோம் என்ற உணர்வை உங்களால் சுலபமாக உதற முடியாது. ஒரு வேலையைக் கடைசிவரை கூட இருந்து நடத்திப் பார்ப்பதில்தான் உங்களுக்குத் திருப்தி என்றால், வியூகப் பிரிவைவிட நடைமுறைப்படுத்தும் பிரிவு உங்களுக்குப் பொருந்தும்.

மனசாட்சி சம்பந்தமான ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மெக்கின்சியை 1950 முதல் 1967 வரை தலைமையேற்று நடத்திய மார்வின் பவர் ஒரு வழக்கறிஞர். கிளையன்ட்டின் நலன்தான் முதலில், நம் வருமானம் அதற்குப் பின்னால் என்பதை அவர் தொழில் விதியாகவே வைத்தார். அதே நிறுவனம்தான் பர்டியூ பார்மா என்ற மருந்து நிறுவனத்தின், அடிமையாக்கும் தன்மை கொண்ட வலி நிவாரண மாத்திரை விற்பனையைக் கூட்ட ஆலோசனை சொன்னது தொடர்பான விசாரணையை முடித்துக்கொள்ள, 2024 டிசம்பரில் அமெரிக்க நீதி அமைச்சகத்துக்கு 65 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. கிளையன்ட் சொன்ன இலக்கை மட்டும் பார்த்து, அந்த இலக்கு யாரைப் பாதிக்கும் என்று பார்க்காமல் விட்டால் ஆலோசனை எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம். நீங்கள் சேரும் மட்டத்தில் இவ்வளவு பெரிய முடிவுகள் உங்கள் கையில் இருக்காது. ஆனாலும் "இந்த ப்ராஜெக்டில் எனக்கு உடன்பாடில்லை, வேறொன்றில் போடுங்கள்" என்று சொன்ன ஒருவருக்கு அங்கே என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். பல நிறுவனங்கள் இதற்கு இடம் தருகின்றன. எழுத்தில் தருவதற்கும் நடைமுறையில் தருவதற்கும் உள்ள தூரத்தை உள்ளே இருப்பவர்தான் சொல்ல முடியும்.

உங்கள் மகனைப் பற்றி. இதில் பொதுவாக வரும் அறிவுரை "வேலை, வாழ்க்கை சமநிலை" என்று ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். எனக்கு அது போதவில்லை. குழந்தை இருக்கும் வீட்டுக்கு மொத்த நேரத்தைவிட, எந்த நேரம் என்று முன்கூட்டியே தெரிவதுதான் முக்கியம். வாரம் 50 மணி, ஆனால் மாலை ஆறு முதல் எட்டரை வரை யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று உறுதி இருந்தால் சமாளிக்கலாம். வாரம் 45 மணிதான், ஆனால் எந்த மாலை காணாமல் போகும் என்று தெரியாது என்றால் வீடு திணறும். ப்ராஜெக்ட் தொடங்கும் நாளில் குழு உட்கார்ந்து வேலை முறைகளைப் பேசும் ஒரு வழக்கம் பல இடங்களில் உண்டு. அந்தக் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும், உங்களுக்கு விட முடியாத ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். ஐந்து சொன்னால் எதுவும் நிற்காது. ஒன்று சொன்னால் பெரும்பாலும் மதிப்பார்கள். மதிக்காத மேனேஜர் யார் என்பதும் முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும்.

பயணம் முன்பு போல இல்லை. 2020-க்கு முன்பு திங்கள் காலை விமானம், வியாழன் இரவு வீடு என்பது பல பிரிவுகளில் எழுதாத சட்டமாக இருந்தது. பெருந்தொற்றுக்குப் பிறகு கிளையன்ட்டுகளே பல கூட்டங்களைத் திரையில் நடத்தப் பழகிவிட்டார்கள். ஆனால் தொழிற்சாலை, கிடங்கு சம்பந்தப்பட்ட வேலையில் நேரில் போகாமல் முடியாது, உங்கள் துறை அதுதான். அதனால் கடந்த ஆறு மாதத்தில் உங்கள் பிரிவில் இருந்தவர்கள் மாதத்துக்கு எத்தனை இரவு வெளியூரில் தங்கினார்கள் என்று கேளுங்கள். "ப்ராஜெக்டைப் பொறுத்தது" என்ற பதிலை ஏற்றுக்கொள்ள வேண்டாம். நடந்ததைக் கேட்கிறீர்கள், அதற்கு எண் இருக்கும்.

பதவி உயர்வு எப்படி வரும் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. உள்ளே மூன்று வகை ஆட்கள்: வேலை கொண்டு வருபவர், வேலையை நடத்துபவர், வேலையைச் செய்பவர். நீங்கள் மூன்றாவதில் நுழைகிறீர்கள். நன்றாகச் செய்தால் இரண்டாவதுக்குப் போவீர்கள். அதற்கு மேல் போக, கிளையன்ட்டிடம் வேலை பிடித்து வர வேண்டும். உச்சியில் இருக்கும் பார்ட்னர் பதவியின் பெரும்பகுதி விற்பனைதான். அருமையான அலசல் மூளை உள்ள பலருக்கு இது பிடிக்காது, அதில் தவறும் இல்லை. ஆனால் "மேலே போ, இல்லையேல் வெளியே போ" என்ற வழக்கம் சில நிறுவனங்களில் வெளிப்படையாகவும் சிலவற்றில் சத்தமில்லாமலும் இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் நடு மட்டத்தில் நிம்மதியாக உட்கார முடியாது. ஒவ்வொரு ப்ராஜெக்ட் முடிவிலும் மதிப்பீடு உண்டு. வருடத்துக்கு ஒருமுறை அப்ரைசலுக்குப் பழகியவர்களுக்கு முதல் வருடம் இது மூச்சு முட்டும்.

வேலைப் பாதுகாப்பு இன்னொன்று. பொருளாதாரம் மந்தமானால் நிறுவனங்கள் முதலில் நிறுத்துபவற்றில் ஆலோசனைச் செலவும் ஒன்று. 2023 மார்ச்சில் அக்சென்ச்சர் 19,000 பணியிடங்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அதே காலத்தில் வேறு நிறுவனங்களும் ஆட்களைக் குறைத்தன. புதிதாக எடுத்தவர்களின் சேரும் தேதியைத் தள்ளிவைத்தவையும் உண்டு. எனவே சேரும் தேதி எழுத்தில் உறுதியாகாமல் இப்போதைய வேலைக்கு ராஜினாமா கடிதம் கொடுக்க வேண்டாம்.

திரும்பி வர வழி உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, தாராளமாகவே உண்டு. இரண்டு, மூன்று வருடம் கன்சல்டிங்கில் இருந்துவிட்டு நிறுவனத்துக்குத் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் கிளம்பியதைவிட ஒரு படி மேலேதான் சேருகிறார்கள். பல பேரை கிளையன்ட்டே எடுத்துக்கொள்கிறார். கன்சல்டிங் நிறுவனங்களும் இதைப் பெரிதாகத் தடுப்பதில்லை. பழைய ஆட்கள் நாளைய கிளையன்ட் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒப்பந்தத்தில் நீங்கள் வேலை பார்த்த கிளையன்ட்டிடம் இத்தனை மாதத்துக்குள் சேரக்கூடாது என்று ஒரு விதி இருக்கலாம். உங்கள் துறையில் பெரிய நிறுவனங்கள் கொஞ்சம்தான் என்றால் அந்த ஒரு விதி பாதிக் கதவுகளை மூடிவிடும். காலம் எவ்வளவு, நீங்கள் நேரடியாக வேலை பார்த்த கிளையன்ட்டுக்கு மட்டுமா, நிறுவனத்தின் எல்லா கிளையன்ட்டுக்குமா என்று பாருங்கள். இரண்டாவது வகை என்றால் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் மாற்றித் தருகிறவர்கள் உண்டு.

ஐந்தாறு வருடத்துக்கு மேல் இருந்துவிட்டால் திரும்புவது கொஞ்சம் கடினம். சம்பளம் எட்டாத உயரத்துக்குப் போயிருக்கும், செலவும் அதோடு ஏறியிருக்கும். "சொல்லத் தெரியும், செய்யத் தெரியுமா?" என்று எதிரில் உட்கார்ந்திருப்பவர் யோசிப்பார். இந்தக் கேள்வி உங்களிடம் வராது, ஏனென்றால் நீங்கள் முதலில் செய்துவிட்டுத்தான் சொல்லப் போகிறீர்கள்.

என் கருத்தை நேராகச் சொல்கிறேன்: போங்கள். இரண்டு வருடம் தேங்கியிருப்பது உங்களைப் போல யோசிப்பவருக்குச் சின்ன விஷயமில்லை. ஆனால் மூன்று வருடம் என்று மனதில் ஒரு எல்லை வைத்துப் போங்கள், அந்த மூன்று வருடத்தில் எதைக் கற்றுக்கொண்டு வர வேண்டும் என்று இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்பு, நீங்கள் சேரப்போகும் பிரிவில் இப்போது இருக்கும் இரண்டு பேரோடு பேச ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். அதில் ஒருவராவது பள்ளி செல்லும் குழந்தை உள்ளவராக இருக்கட்டும். முதல் ப்ராஜெக்ட் எது, மேனேஜர் யார் என்று தெரிந்தால் அவரோடும் ஒரு அரை மணி நேரம் கேளுங்கள். இதற்கு மறுக்கும் நிறுவனம் என்றால் என் பதிலும் மாறும், அப்போது வேண்டாம்.

உங்கள் தோழியிடமும் மறுபடி ஒருமுறை பேசுங்கள். "வந்துடாதே" என்பதற்குப் பின்னால் எந்தப் பிரிவு, எந்த மேனேஜர், எந்த கிளையன்ட், எந்தக் கட்டத்தில் உடம்பு கெட்டது, யாரிடம் சொன்னாள், அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். உடம்பு முடியவில்லை என்று சொன்ன பிறகும் யாரும் அவளுடைய வேலையைக் குறைக்கவில்லை என்றால், அந்த மேனேஜர்கள் இன்னும் அதே பிரிவில் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஆஃபர் லெட்டரில் யூட்டிலைசேஷன், கிளையன்ட்டிடம் சேரும் தடை, நோட்டீஸ் காலம் ஆகிய மூன்று பகுதிகளையும், நிறுவனத்தின் பெயரை நீக்கிவிட்டு, அப்படியே தட்டச்சு செய்து அனுப்புங்கள். படித்துவிட்டு எதைக் கேட்டு மாற்றலாம் என்று எழுதுகிறேன்.